சோத்தாங்கைப் பக்கம்

மாக்டபர்க், ஜெர்மனி
2 மார்ச் 2003

அண்ணாவுக்கு,

போன் செய்தால் மன்னி எடுத்து, "அவர் குளிச்சிண்டிருக்கார்" என்கிறாள். இந்த வாரம் மட்டும் நாலு தரம் கேட்டாகிவிட்டது. இத்தனை குளித்தால் உனக்கு ஜலதோஷம்தான் வரும். அதனால் கடிதம். கடிதம் வந்தால் படிப்பாய். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைக்கூட ஒரு தரம் படித்துவிட்டுத்தானே கசக்குவாய்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. பொங்கலுக்கு நான் வந்தபோது உன் பெண் வர்ஷினியின் இடது கையைத் துணியால் கட்டிப்போட்டு நீ அவளை எழுத வைத்துக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்து நான் கத்தினது தப்பில்லை. மடப்பள்ளிக்காரர்கள் அத்தனை பேர் எதிரில் கத்தினது தப்பு. "நீயும் அப்பா மாதிரியே திருத்தறியா?" என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஆறு வயசில் மலைமேல் மடப்பள்ளியிலிருந்து ஓடிவந்து, "அப்பா, அண்ணா நொட்டாங்கையால பொங்கலைக் கிண்டறான்" என்று சொன்னவள் நான்தானே. அவர் பழுக்கக் காய்ந்த கரண்டியை உன் இடது உள்ளங்கையில் வைத்ததை வாசலில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து ஊருக்கு நீ வலதுகைக்காரன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் சாப்பிடுவாய். தழும்பைக் காட்டி, "எனக்கு இதுதாண்டி சோத்தாங்கை" என்பாய்.

என் வேலை பற்றிக் கேட்டாயே, சண்டைக்கு முந்தின நாள். மூளையின் மேல்தோல் கசங்கின வேட்டி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். தலைக்குத் தலை மடிப்பு வேறு. ஒருவர் மூளையை இன்னொருவருடையதோடு ஒப்பிட வேண்டுமானால் எல்லோரையும் ஒரே அச்சில் பொருத்த வேண்டும். இப்போது இருக்கும் அச்சுகள் எல்லாம் வெள்ளைக்காரர்களின் தலையைப் பார்த்துச் செய்தவை. நம் தலைகள் அதில் சரியாக உட்காருவதில்லை. நாற்பது தமிழ்த் தலைகளை வைத்து ஒரு புது அச்சு செய்யப் போகிறேன். இந்த மாதம் சென்னையில் ஒரு ஸ்கேன் சென்டரில் படம் எடுக்கிறார்கள். திடகாத்திரமானவர்கள் யாராவது இருந்தால் அனுப்பு. வலதுகைக்காரர்கள் மட்டும்தான். ஆகவே உனக்கு விலக்கு.

தேவசேனா


திருத்தணி
30 மார்ச் 2003

சேனாவுக்கு ஆசீர்வாதம். இங்கே அனைவரும் சுகம், உன் மன்னி கோமளாவின் முழங்காலையும் என் கோபத்தையும் தவிர.

கோபம் இன்னும் இருக்கிறது. ஆகவே போனுக்கு வரமாட்டேன். கடிதத்தில் கோபமாக இருப்பது சௌகரியமாகவும் இருக்கிறது. எதிர்ப்பேச்சு வர பத்து நாள் ஆகிறது பார்.

வர்ஷினி விஷயத்தில் நீ சொல்வது ஜெர்மனிக்குச் சரி. அவள் இன்னொரு வீட்டில் போய்ப் பரிமாற வேண்டியவள். நாலு பேர் இலைக்கு எதிரில் கை மாறினால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும், பட்டவன் நான். நான் துணியால்தான் கட்டுகிறேன். கரண்டி எடுக்கவில்லை.

மூளைக்கு அச்சா! நாங்கள் முறுக்குக்கு அச்சு வைத்திருக்கிறோம், அதிலேயே ஒன்றுபோல் ஒன்று வருவதில்லை. ஆள் அனுப்பச் சொன்னாய். விறகு ஏற்றிக்கொண்டு வரும் ஜெகநாதனைக் கேட்டேன். "தலைய உள்ள உட்டு படம் புடிப்பாங்களா? எனுக்கு வேணாம் சாமி, உள்ள ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுபூட்டா இன்னா பண்றது?" என்றான்.

போன வாரம் பாத்திரங்களுக்கு ஈயம் பூசச் சென்னைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் மலை ஏறுமுன் சரவணப் பொய்கையில் மூன்று முழுக்குப் போட்டேன். ஏன் மூன்று என்று கேட்காதே. ஒரு நாள் சொல்கிறேன், நீயே சிரிப்பாய்.

குருநாதன்


மாக்டபர்க்
12 ஜூன் 2003

அண்ணா,

தலைகள் வந்துவிட்டன. நாற்பதும் பெயரில்லாமல், எண் போட்டு. பெயர்ப் பட்டியல் சென்னையிலேயே பூட்டி இருக்கிறது. எனக்குக் கிடைப்பது எண், வயசு, ஆணா பெண்ணா, எந்தக் கைப் பழக்கம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு மூளையின் மேல்தோலையும் கம்ப்யூட்டர் கோடு போட்டு உரிக்கும். அது தப்பு செய்யும் இடங்களை நான் ஒன்றொன்றாகத் திருத்த வேண்டும். பிறகு பலூன் மாதிரி ஊதி, பந்தாக்கி, ஒரு பந்தின் மடிப்பு இன்னொன்றின் மடிப்பின் மேல் வந்து உட்காரும் வரை நகர்த்த வேண்டும். ஒரு தலைக்கு ஒரு நாள். கண் இரண்டும் வெந்துபோகிறது. ஆனால் அண்ணா, இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. முகம் தெரியாத மனுஷர்களின் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினேழாம் எண் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. இந்தப் படங்களில் ஒரு தொல்லை உண்டு. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது சில சமயம் கண்ணாடியில் பார்ப்பது போல் இடமும் வலமும் மாறிவிடும். பார்த்தால் தெரியாது. அதற்காகப் படம் எடுக்குமுன் வலது நெற்றியோரம் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்கள். படத்தில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பொட்டு எந்தப் பக்கமோ அது வலது. முப்பத்தொன்பது பேருக்குப் பொட்டு சரியாக இருந்தது. பதினேழுக்கு மட்டும் இடப்பக்கம். படம் புரண்டுவிட்டது என்று தெரிந்தது. புரட்டித் திருத்திவிட்டேன்.

இன்னொன்று. பதினேழின் மடிப்பு ஒன்றுக்குள், காதுக்கு மேலே உள்பக்கமாக, பட்டாணி அளவு ஒரு மங்கல். எங்கள் டாக்டரிடம் காட்டினேன். ஆள் அசைந்ததாலும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், மறுபடி பார்ப்பது நல்லது என்றார். "வலது பக்கம்" என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சென்னைக்கு அனுப்பினேன். பதில் வந்தது: படத்தில் ஏதாவது தெரிந்தால் சொல்ல வேண்டுமா என்று பாரத்தில் ஒரு கேள்வி உண்டு, பதினேழு "வேண்டாம்" என்று குறித்திருக்கிறார். ஆகவே குறிப்பை ஃபைலில் வைத்துவிட்டார்கள். என்ன மனுஷனோ! யாரென்று தெரிந்தால் வீட்டு வாசலில் போய் நின்று கத்துவேன்.

சேனா


திருத்தணி
6 ஜூலை 2003

சேனாவுக்கு ஆசீர்வாதம்.

உன் பதினேழாம் எண்ணைத் திட்டாதே. தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று நினைத்திருப்பான். வீட்டுக்குக் கடிதாசு வந்தால் பெண்டாட்டி பயப்படுவாள் என்றும் இருக்கலாம். அசைந்திருப்பான், அவ்வளவுதான். அந்தக் குழாய்க்குள் அடிக்கிற சத்தத்தில் யார்தான் அசையமாட்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. மடப்பள்ளியில் எனக்குக் கெட்ட பெயர் வந்துகொண்டிருக்கிறது. போன வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல் அடிப்பிடித்த வாசனை குப்பென்று வந்தது. வெல்லம் கருகின வாசனை, தொண்டை வரை இறங்கிற்று. சாமிக்குக் காட்டக்கூடாதே என்று பாத்திரத்தோடு கவிழ்த்துவிட்டேன். கவிழ்த்த பிறகு பார்த்தால் அடி பளிச்சென்று இருக்கிறது. ஜெகநாதன் மோந்து மோந்து பார்த்துவிட்டு, "கருகுற வாசனையா? ஒண்ணுமே வர்லியே சாமி. நல்லாத்தானே கீது" என்றான். செவ்வாய்க்கிழமை மறுபடி அதே வாசனை. அப்போது இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை.

வாசனை ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குள் இதெல்லாம் முன்பே ஒரு தரம் நடந்தது போல் ஒரு திகில். பிறகு ஒன்றுமில்லை. கோமளா திருஷ்டி சுற்றிப் போட்டாள். மூக்கில் நீர் கோத்திருக்கும், அரக்கோணத்தில் காட்டலாம் என்கிறார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம், ஆடிக் கிருத்திகை வருகிறது. காவடிக் கூட்டத்துக்கு நடுவில் மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

குருநாதன்


மாக்டபர்க்
20 ஜூலை 2003

அண்ணா,

உன் கடிதத்தை லேபில் வைத்துத்தான் பிரித்தேன். கருகின வாசனை என்ற இடத்தை மூன்று தரம் படித்தேன். இல்லாத வாசனை வருவது மூக்கின் வேலையாக இருக்காது. மூளையில் வாசனைக்கென்று ஒரு இடம் இருக்கிறது. பதினேழின் மங்கல் அதற்குப் பக்கத்தில்.

உடனே ஓடிப் போய் பதினேழின் தாளை எடுத்தேன். ஆண், வயசு முப்பத்தாறு. உன் வயசு. அடுத்த வரி: வலதுகைப் பழக்கம். அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்குத் தெரியாதா நீ யார் என்று! போதாக்குறைக்கு நீ என் மேல் கோபத்தில் இருப்பவன், சென்னை வரை போய் எனக்காகத் தலையைக் கொடுப்பாயா என்ன. தனியாக உட்கார்ந்து பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

சிரித்தேனே தவிர, நிம்மதியாக இல்லை. வெறும் மூக்கு டாக்டரிடம் போகாதே. நரம்பு டாக்டரிடம் போ. என் மேல் இருக்கிற கோபத்தை அதில் காட்டாதே, காலில் விழுகிறேன்.

சேனா


திருத்தணி
5 ஆகஸ்ட் 2003

சேனாவுக்கு.

எழுத்து கோணலாக இருக்கிறது என்று நினைக்காதே, பேனா சரியில்லை.

கிருத்திகை நல்லபடியாக முடிந்தது. முழுக்க நல்லபடியாக இல்லை. காலையில் பெரிய உருளியில் கிண்டிக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. எடுத்தேன். மறுபடி நழுவிற்று. கை என் கைதான், ஆனால் சொன்னதைக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த வைத்தீஸ்வரனிடம் வெல்லம் எடுக்கச் சொல்ல வேண்டும். வெல்லம் என்ற வார்த்தை வரவில்லை சேனா. முப்பது வருஷமாக நாளைக்கு நூறு தரம் சொன்ன வார்த்தை. "அது... மஞ்சளா... தித்திப்பா..." என்று கையை ஆட்டினேன். அவன், "என்ன குரு, பரிகாசமா?" என்று சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் பயமாக இருந்தது. இதை உன்னிடம்தான் சொல்கிறேன், கோமளாவிடம் சொல்லவில்லை.

அரக்கோணம் மூக்கு டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். போடுகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பதினேழாம் ஆளின் மங்கல் வலது பக்கம்தான் என்று நிச்சயமா?

குருநாதன்


மாக்டபர்க்
17 ஆகஸ்ட் 2003

அண்ணா,

நிச்சயம். நானே புரட்டித் திருத்தினேன், மாத்திரைப் பொட்டு இப்போது சரியான பக்கத்தில் இருக்கிறது. நீ ஏன் அதைக் கேட்டாய் என்று புரிந்தது. நீயும் என்னைப் போலவே கணக்குப் போட்டிருக்கிறாய். பயப்படாதே. மூளையின் வலது பாதி இடது கையை நடத்தும், இடது பாதி வலது கையை நடத்தும். பேச்சும் பெரும்பாலும் இடது பாதியில்தான். உனக்கு நழுவுவது வலது கை. பதினேழுக்கு மங்கல் வலது பக்கம். அவனுக்கு நழுவினால் இடது கைதான் நழுவும். ஆக, கைப் பழக்கமும் பொருந்தவில்லை, பக்கமும் பொருந்தவில்லை.

ஆனாலும் வலது கை நழுவுவதும் வார்த்தை வராததும் சின்ன விஷயம் இல்லை. வேறு என்னவாக இருந்தாலும் பார்த்தே ஆக வேண்டும். சொட்டு மருந்தைத் தூக்கிப் போடு. இந்த வாரமே சென்னைக்குப் போ. மன்னியிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

அச்சு முடிந்துவிட்டது. நாற்பது மூளைகளையும் கூட்டி நாற்பதால் வகுத்தேன். வழவழவென்று ஒரு பொது மூளை வந்தது. பதினேழின் மங்கலைத் தேடினேன். நாற்பதில் ஒரு பங்காகக் கரைந்து, இருந்த இடம் தெரியவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு என்னவோ போலிருந்தது.

சேனா


திருத்தணி
2 செப்டம்பர் 2003

சேனாவுக்கு ஆசீர்வாதம்.

இந்தக் கடிதம் சுத்தமாக இருக்கிறதே என்று பார்க்கிறாயா? இடது கையால் எழுதுகிறேன். வலது கைக்குப் பேனா நிற்கவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து எடுக்கிறேன், நேற்றுத்தான் விட்டது போல் ஓடுகிறது. வர்ஷினி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, நீயும் நொட்டாங்கையா?" என்று கூத்தாடினாள். அவள் கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து எறிந்துவிட்டேன். நீ ஜெயித்தாய். கோபம் தீர்ந்தது.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஈயம் பூசப் போன அன்றைக்கு உன் ஸ்கேன் சென்டருக்குப் போனேன். நீ அவ்வளவு ஆசையாகக் கேட்டாயே. நாற்பதில் ஒன்றாக உன் எதிரில் இருக்கலாம் என்று தோன்றிற்று. வலதுகைக்காரர்கள் மட்டும் என்றாய், பாரத்தில் வலது என்று எழுதினேன். ஊருக்கும் சாமிக்கும் அப்படித்தானே இருக்கிறேன். ஏதாவது தெரிந்தால் சொல்ல வேண்டுமா என்றார்கள். வீட்டுக்குக் கடிதாசு வந்தால் கோமளாவுக்குத் தெரிந்துவிடும், அவள் உன்னிடம் சொல்லிவிடுவாள், அப்புறம் கோபத்துக்கு என்ன மரியாதை? வேண்டாம் என்று குறித்தேன்.

அங்கிருந்த ஆள் இளங்கோவன் என்று ஒருவன். அவசரத்தில் இருந்தான். என் கையில் ஒரு மாத்திரையையும் பிளாஸ்திரியையும் கொடுத்து, "சோத்தாங்கைப் பக்கமா நெத்தியில ஒட்டிகினு வந்துடுங்க சாமி" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் சோத்தாங்கை வேடிக்கை ஞாபகம் வந்தது. என்ன மாத்திரை என்றேன். மீன் எண்ணெய் என்றான். முருகா! அதற்குத்தான் பொய்கையில் மூன்று முழுக்கு.

அவன் வலது என்றுதான் சொன்னான், தெரியும். நான் வேண்டுமென்றே இடப்பக்கம் ஒட்டினேன். நாற்பது தலையில் ஒன்றில் மட்டும் மாத்திரை இந்தப் பக்கம் இருந்தால், இப்படிச் செய்கிறவன் உலகத்திலேயே ஒருத்தன்தான் என்று நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். பெயர் போடக்கூடாது என்றார்களே, அதுதான் நான் போட்ட கையெழுத்து.

உன் ஜூன் கடிதத்தில் புரட்டித் திருத்திவிட்டேன் என்று படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. மங்கல் என்றதும் திக்கென்றது. ஆனால் வலது பக்கம் என்றாயே, எனக்கு நழுவுவது வலது கை, பொருந்தவில்லை என்று நீயே சொன்னாய். நீ படித்தவள். அதை நம்பிக்கொண்டு இத்தனை நாள் இருந்துவிட்டேன். இப்போது இரண்டு நாளாக யோசிக்கிறேன். நான் தப்பான பக்கம் ஒட்டி, நீ அதைப் புரட்டினால், எது எந்தப் பக்கம்? எனக்குத் தலை சுற்றுகிறது. நீ சொல்.

கோமளாவிடம் சொல்லிவிட்டேன். பதினைந்தாம் தேதி அதே சென்டருக்குப் போகிறோம். என் பழைய ஃபைல் அங்கேதானே இருக்கிறது, டாக்டர்களுக்குச் சுலபம்.

குருநாதன்


மாக்டபர்க்
13 செப்டம்பர் 2003

அண்ணா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. அதிலிருந்து வீட்டுக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன். மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை. தேவஸ்தான ஆபீசுக்கு அடித்தேன். "குருநாதன் சாமிங்களா? மூணு நாளா மலைக்கு வர்லீங்களே. உடம்பு சரியில்லன்னு மெட்ராஸ் கூட்டிகினு போய்க்கிறாங்க" என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சென்டருக்கு அடித்தால் சனிக்கிழமை, மூடிவிட்டார்களாம். ஃபேக்ஸ் அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமைக்கு முன்னால் அதை யாரும் பார்க்கமாட்டார்கள். நாளை மறுநாள்தான் எனக்கு விமானம். இதன் ஒரு பிரதியைக் கூரியரில் உன்னோடு மடப்பள்ளியில் இருக்கும் வைத்தீஸ்வரனுக்கும் அனுப்புகிறேன், அவர் உன்னைத் தேடிப் பிடிக்கட்டும்.

அந்தப் படம் புரளவே இல்லை. சரியாகத்தான் இருந்தது. நான்தான் புரட்டி, இடது பக்கம் இருந்த மங்கலை வலது பக்கமாக்கினேன். நாற்பது பேரில் நீ ஒருத்தன் என்னைக் கூப்பிட்டாய், நான் அதைத் தப்பு என்று திருத்தினேன். ஆறு வயசில் ஒரு தரம் உன்னைத் திருத்த வைத்தேன். இது இரண்டாம் தரம்.

அங்கே உன் ஃபைலில் என் கையெழுத்தோடு ஒரு தாள் இருக்கிறது. அதில் வலது என்று இருக்கிறது. அதைக் கிழிக்கச் சொல். புதுசாகப் படம் எடுக்கச் சொல், மாத்திரையை அவர்கள் கையாலேயே ஒட்டச் சொல். ஆபரேஷன் என்று வந்தால், மயக்க மருந்து கொடுக்குமுன் யாராவது வந்து எந்தப் பக்கம் என்று உன்னைக் கேட்பார்கள். வார்த்தை வராவிட்டால் தழும்பு இருக்கிற கையைத் தூக்கிக் காட்டு. வார்த்தை வந்தால், தயவுசெய்து அண்ணா, விளையாட்டுக்குக்கூட சோத்தாங்கைப் பக்கம் என்று சொல்லிவிடாதே. இடது என்று சொல்.

சேனா